எட்டு எலுமிச்சம்பழம்

தரணிதரன் ஒவ்வொரு டிரிப்புக்கும் பத்து எலுமிச்சம்பழம் வாங்குவான். இரண்டு, வண்டி கிளம்பும்போது முன்சக்கரத்தில் வைத்து நசுக்க. மீதி எட்டும் ஸ்டீயரிங்குக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் கிடக்கும், வெயில் ஏறினால் உப்புப் போட்டுப் பிழிந்து குடிக்க. ஆனால் கிருஷ்ணகிரியில் அவன் முழுசாகக் கண் விழிக்கிறபோது கிண்ணத்தில் ஏழுதான் இருக்கும். குலுக்கலில் உருண்டு சீட்டுக்கு அடியில் போயிருக்கும் என்று ஆரம்பத்தில் தேடினான். கிடைக்கவில்லை. இரண்டு மாதமாக இதே கதை. ஒரு பழம்தானே என்று விட்டுவிட்டான்.

அன்று காலை ஆறு மணிக்கு, தூத்துக்குடியில் ஏற்றிய பொட்டாஷ் மூட்டையோடு நாமக்கல் யார்டுக்குள் வண்டியை விட்டதும், மேனேஜர் நாச்சிமுத்து கூப்பிடுகிறார் என்றார்கள். முந்தின நாள் காலையிலிருந்து லோடுக்குக் காத்திருந்து, பிறகு ராத்திரியெல்லாம் ஓட்டி, தூங்கி இருபத்துநாலு மணி நேரம் ஆகியிருந்தது. கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது.

"உக்காரு கண்ணு," என்றார் நாச்சிமுத்து.

"நின்னுக்கறனுங்க. உக்காந்தா தூங்கிருவேன்."

"தூங்கறதுக்குத்தான் உனக்குப் பொட்டுக் குடுத்திருக்கே." சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றது. மேசையில் ஒரு தாளைத் திருப்பிப் போட்டார். "இது மாசாந்திர ரிப்போர்ட்டு. உன் வண்டி தொப்பூர் கணவாய் ஏறி, தர்மபுரிக்கு முன்னாடி ஒரு எடத்துல நிக்குது. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல. இது வரைக்கும் ஒம்பது டிரிப்பு. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிஷம். அங்க என்ன, மாமியார் ஊடா இருக்குது?"

"நான் எங்கீங்க நிறுத்தறேன்? அந்நேரத்துக்கு நான் பொட்டு ஒட்டியில்ல வர்றேன்? எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்களே."

"தெரியாதுதான். ஆனா நிக்குதே."

பொட்டு என்று டிரைவர்கள் சொல்வது ஒரு ரூபாய் காசு அளவில் ஒரு சாமான். இடது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். தரணி வேலையில் சேர்ந்த அன்று இதே அறையில் நாச்சிமுத்துதான் அதை விளக்கினார்.

"டால்பின் மீனு டிவில பாத்திருக்கியா? அது தூங்கறப்ப பாதி மண்ட தூங்கும், பாதி மண்ட முழிச்சுக்கிட்டு நீந்திக்கிட்டே இருக்கும். முழுசாத் தூங்குனா முங்கிப் போயிருமில்ல? அதே ஏற்பாடுதான். உன்ற மண்டைல இடது பாதி தூங்கும். வலது பாதி ஓட்டும். மிச்சத்த வண்டியே பாத்துக்கும், பிரேக்கு, லைனு எல்லாம். பேச்சு மட்டும் வராது, பேசறது இடது பாதியோட வேல. சின்னச் சின்ன வார்த்த புரியும். எடு, நிறுத்து, மெதுவா. அது போதும், நீ என்ன பட்டிமன்றமா பேசப் போற?"

"சட்டம் இருக்குதுங்களே. எட்டு மணி நேரம் ஓட்டினா எட்டு மணி நேரம் தூங்கோணும்னு?"

"தூங்கறயே! வண்டில கவர்மென்ட்டு சீல் பெட்டி இருக்குது பாரு, அது உன் இடது காதுக்குப் பின்னாலதான் பாக்கும். அங்க தூக்கம். சட்டத்துக்கு நீ தூங்கற. வண்டிய ஓட்டறது ஜோடி டிரைவர் ராஜாமணி."

"அவரு யாருங்க?"

"பேப்பர்ல இருக்கான்," என்று முடித்தார் நாச்சிமுத்து.

பழைய டிரைவர்கள் யாரும் பொட்டு ஒட்டிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. அதனால் கம்பெனி மீசை நரைத்த ஒருத்தரையும் எடுப்பதில்லை. லைசென்ஸ் வாங்கி மை காயாத பையன்களாகப் பார்த்து எடுத்தது. புதுச் சட்டப்படி கனரக லைசென்ஸ் வாங்கினவனுக்கு முதல் இரண்டு வருஷம் கம்பெனி கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸ் நிலைக்கும். போடாவிட்டால் அது செல்லாது, திரும்ப வாங்கவும் முடியாது. தரணியின் லைசென்ஸ் நாச்சிமுத்துவின் பீரோவில் இருந்தது. இன்னும் பதினாலு மாதம் இருந்தது.

"சரி, இப்ப என்னங்க பண்றது?"

"சுலபம். பொட்ட வலது பக்கம் மாத்திரலாம். நின்னு நின்னு வர்ற பாதி தூங்கட்டும். பேசற பாதி, சொன்ன பேச்சுக் கேக்கற பாதி முழிச்சிருக்கட்டும்."

"பெட்டி இடது பக்கந்தானே பாக்கும்?"

"அதுக்கும் ஏற்பாடு வந்திருச்சு. கிருஷ்ணகிரில நம்ம டெக்னீசியன் நிப்பான். இன்னிக்கே மாத்தி ஒட்டி, பெட்டியையும் திருப்பி உட்ருவான். அது வரைக்கும் பழையபடி போ. ஆனா அந்த எடத்துல இன்னிக்கு நிக்கக் கூடாது."

"நிக்கறது நானில்லீங்களே. நான் எப்படிச் சொல்றது அதுகிட்ட?"

நாச்சிமுத்து ரிப்போர்ட்டை மடித்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை மடித்தார்.

"அங்க என்னங்க இருக்குது?" என்றான் தரணி.

"ஒண்ணுமில்ல. வெறும் ரோடு," என்றார் அவர். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

வெளியே வந்து டீசல் பங்க் பக்கம் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது.

"அண்ணா, தர்மபுரி பக்கமா போறீங்க? நானும் வரட்டுமா?"

பூமிகா. ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வண்டிகளைக் கண்காணிக்கிற பெண். இருபத்தொரு வயசிருக்கும். கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகவில்லை. இடையில் அவள் அப்பா இறந்து பதினைந்து நாள் வராமல் இருந்ததும், திரும்பி வந்தபோது ஆளே பாதியாகியிருந்ததும் தரணிக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

"லேடீஸ ஏத்தினா மேனேஜர் தொலைச்சிருவாரும்மா."

"லீவு போட்டுட்டேன். பைபாஸ் முக்குல வந்து நிக்கிறேன், அங்க ஏத்திக்கங்க." குரலைத் தாழ்த்தினாள். "பொட்டு ஒட்டாதீங்கண்ணா. ஒட்டின மாதிரி காதுக்குப் பின்னால ஒரு பிளாஸ்திரி போட்டுக்குங்க. அந்த எடத்துல ஏன் நிக்கிறீங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சுக்க வேணாமா? கிருஷ்ணகிரில மாத்தி ஒட்டிட்டா அப்புறம் எப்பவுமே தெரியாது."

தரணி ஈரக் கையோடு நின்றான். உண்மையைச் சொன்னால், தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. லைசென்ஸ் பீரோவில் இருக்கிறது. இன்னும் பதினாலு மாதம். தெரியாமல் இருப்பதில் ஒரு சௌகரியம் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

அவன் இடது கை நீண்டு அவள் தோளில் மாட்டியிருந்த பையை வாங்கிக்கொண்டது.

அவன் வாங்கவில்லை. கை வாங்கியது. கொஞ்ச நாளாகவே அது அப்படித்தான். வலது கை போட்ட சட்டைப் பொத்தானை இடது கை கழற்றும். டீ கிளாஸை வேண்டாம் என்றாலும் நீட்டும். அசதி என்று நினைத்திருந்தான்.

பூமிகா அந்தக் கையையே பார்த்தாள். "சரி, அப்ப பைபாஸ்ல பாப்போம்," என்றாள், அவனிடம் இல்லாமல் அதனிடம் சொல்வது போல.

சேலத்தைத் தாண்டும்வரை இருவரும் அதிகம் பேசவில்லை. சீல் பெட்டிதான் பேசியது. டிரைவர் தூங்கவில்லை, டிரைவர் தூங்கவில்லை என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கத்தியது. ஓமலூர் தாண்டி ஒரு இடத்தில் தரணியின் கண் மூடியிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. "அண்ணா!" என்ற சத்தத்தில் விழித்தபோது முன்னால் போன பால் வண்டியின் பின்கதவு இவன் முன்கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தது. வண்டி தானே பிரேக் போட்டு மயிரிழையில் நின்றது. கிண்ணத்திலிருந்து எலுமிச்சம்பழங்கள் கீழே சிதறின.

"பொட்டு இல்லாம இதுதாம்மா கதி," என்றான். கை நடுங்கியது. "ஒட்டுனா நடுக்கமாச்சும் இருக்காது."

"பொட்டு இருந்தாலும் அதே அசதிதான்ணா. நடுங்கறது உங்களுக்குத் தெரியாம இருக்கும், அவ்வளவுதான்." அவள் பழங்களைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். "அந்த மானுவல நான் படிச்சேன். ஆபீஸ்ல பெட்டியோட கெடந்துச்சு. ரெண்டு பாதிக்கும் நடுவுல ஒரு பாலம் இருக்குதாம், ஒண்ணு பாத்தத இன்னொண்ணுக்குச் சொல்ல. தொடர்ந்து ஒட்டினா அந்தப் பாலம் அடச்சுக்குமாம். கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்காங்க. வலது பாதி பாத்தது அதுக்குள்ளயே இருக்கும். அதுக்கு வாய் கிடையாது. இருக்கறது இடது கை மட்டும், அத ஆட்டறது வலது பாதிதானாம்."

தரணி தன் இடது கையைப் பார்த்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சாதுவாக இருந்தது.

"அதுக்கு என்ன தெரியும்கிற?"

"மொத தடவ நின்னது எந்த டிரிப்புன்னு ஞாபகம் இருக்காண்ணா? ஆடி மாசம், பதினெட்டுக்கு மறுநாள்."

ஞாபகம் இருந்தது. மறக்க முயன்று தோற்றுப்போன ஞாபகம். அன்று கிருஷ்ணகிரியில் கண் விழித்து இறங்கிப் பார்த்தபோது பம்பரில் கட்டியிருந்த எலுமிச்சை மிளகாய்ச் சரம் அறுந்து போயிருந்தது. இடது பக்க விளக்கில் விரிசல். நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தான். "நாய் கீய் அடிபட்டிருக்கும். ஒரு கற்பூரத்தக் கொளுத்திப் போட்டுட்டுப் போ. அங்கயே வாட்டர் சர்வீசுக்கு விட்டுரு, நான் பேசிக்கறேன்," என்றார் அவர். அவனும் அங்கேயே கற்பூரம் கொளுத்தினான். நாய்க்காக. இந்தத் தொழிலில் நாய் அடிபட்டால் செய்கிற வழக்கம்தான் அது. டீ குடித்துவிட்டு வந்தபோது வண்டி பளிச்சென்று கழுவப்பட்டிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அன்று அவன் இடது மணிக்கட்டில் நான்கு கீறல்கள், ஆழமாக, ரத்தம் கட்டி. தார்பாய் கயிறு கிழித்திருக்கும் என்று மஞ்சள் தடவிக்கொண்டான்.

"நாயின்னுதான் சொன்னாங்க," என்றான்.

பூமிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போன் அடித்தது. நாச்சிமுத்து. தரணி எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடியும்.

வண்டி கணவாய் ஏறி முடித்துச் சமதளத்துக்கு வந்தது. நடுத்திட்டில் நெடுக அரளிச்செடிகள், இளஞ்சிவப்பாகப் பூத்து, ஒரே உயரத்துக்கு வெட்டி விடப்பட்டு. காலை எட்டு மணி வெயில் பளீரென்று இருந்தது. பயப்படுவதற்கு எந்த முகாந்திரமும் இல்லாத சாலை.

"இங்க எங்கயோதான்," என்றாள் பூமிகா. "நான் சொல்ல மாட்டேன். நீங்களே ஓட்டுங்க."

தரணி ஓட்டினான். ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். இடது கை ஸ்டீயரிங்கை விட்டது. இண்டிகேட்டரைப் போட்டது. அவன் கால் தானாக பிரேக்கை மிதித்தது. வண்டி ஓரம் கட்டி நின்றது. அவன் எதையும் தீர்மானிக்கவில்லை. அடுத்தவன் வீட்டுக்குள் நுழைந்தவன் போல உட்கார்ந்திருந்தான்.

இருவரும் சாலையைக் கடந்து நடுத்திட்டுக்குப் போனார்கள். ஒரு அரளிச்செடியின் அடியில், சிமென்ட் விளிம்பை ஒட்டி, வரிசையாக எலுமிச்சம்பழங்கள் இருந்தன. முதலில் இருந்தது கருத்துச் சுருங்கிப் பாக்கு மாதிரி. அடுத்தது பழுப்பு. அப்படியே நிறம் ஏறி ஏறி, கடைசியில் இருந்தது போன வாரத்து மஞ்சள். ரோட்டில் கிடக்கிற எலுமிச்சம்பழத்தை யாரும் தொடுவதில்லை. யார் யாருக்கு வைத்ததோ என்று பயம். கூட்டுகிறவர்கள்கூடச் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள்.

தரணி எண்ணினான். எட்டு.

"ஒம்பது தடவ நின்னிருக்கேன்னு சொன்னாரு," என்றான். "எட்டுதானே இருக்குது?"

"மொத தடவ நீங்க பழம் வெக்க நிக்கல."

அவள் பையிலிருந்து நான்கு படங்களை எடுத்தாள். அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள். நான்கு ஆண்கள், நான்கு பேருக்கும் ஒரே ஆரஞ்சுச் சட்டை. இந்தச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற கான்ட்ராக்ட் ஆட்கள் போடுகிற சட்டை. சிமென்ட் விளிம்பில் அவற்றை வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னக் கல்லை வைத்தாள், காற்றில் பறக்காமல். பல நாள் யோசித்து வைத்ததைச் செய்கிறாள் என்று தெரிந்தது.

"இதுல யாரையாவது பாத்திருக்கீங்களா?"

தரணி குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். நேர்மையாகத்தான் பார்த்தான். "இல்லம்மா. சத்தியமா ஒருத்தரையும் தெரியல."

"அவசரமில்ல. இன்னொரு தடவ பாருங்க."

"தெரியலம்மா. தெரிஞ்சா சொல்ல மாட்டனா? நான்..."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே இடது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் போனது. வெளியே வந்தபோது அதில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. வண்டியை விட்டு இறங்கும்போது அது எப்போது எடுத்தது என்று அவனுக்குத் தெரியாது. கை மெதுவாக நீண்டது. முதல் படத்தைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. மூன்றாவது படத்தின் மேலிருந்த கல்லை விரலால் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் பழத்தை வைத்தது. ஒட்டின கன்னமும் நரைத்த தாடியுமாக ஒரு முகம். பழத்தை வைத்த பிறகும் கை உடனே வரவில்லை. படத்தின் ஓரத்தை இரண்டு விரலால் தடவிக்கொடுத்தது.

தரணியின் வாய் திறந்தபடியே இருந்தது.

"எங்கப்பா," என்றாள் பூமிகா. "மாதையன். பத்து வருஷமா இந்தச் செடிக்குத் தண்ணி விட்டவரு. அடையாளம் தெரியாத வாகனம்னு எழுதிட்டாங்க."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். லாரிகள் இரண்டு பக்கமும் இரைந்துகொண்டு போயின. என்னென்னவோ சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல வார்த்தை வைத்திருப்பவனுக்கு நடந்தது தெரியாது. தெரிந்தவனிடம் வார்த்தை இல்லை.

"என்னைய அடிம்மா," என்றான் கடைசியில். "ஏதாச்சும் பண்ணு. இப்படி நிக்காத."

"ஒண்ணு கேக்கணும்ணா. உங்ககிட்ட இல்ல." அவள் அவனுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவன் இடது கையைப் பார்த்துக் கேட்டாள். சின்னச் சின்ன வார்த்தையாகக் கேட்டாள். "அப்பா. கீழ. உசுரு இருந்துச்சா?"

கை தொடையின் மேல் கிடந்தது. பிறகு எழுந்து பூமிகாவின் வலது கையைப் பிடித்தது. அதைத் தன் மணிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, தன்னை இறுக்கிப் பிடிக்க வைத்தது. இன்னும் இறுக்கமாக. நகம் பதிகிற அளவுக்கு. நான்கு கீறல் இருந்த அதே இடத்தில்.

அப்படியே சற்று நேரம் இருந்தது. அதன்பிறகு, அவசரம் இல்லாமல், திருகித் திருகித் தன்னை அவள் பிடியிலிருந்து உருவிக்கொண்டது.

பூமிகாவின் விரல்கள் வெறும் காற்றைப் பிடித்தபடி நின்றன.

"புடிச்சுக்கிட்டிருந்திருக்காரு," என்றாள். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "நீங்க எறங்கி, பக்கத்துல உக்காந்திருக்கீங்க. உட்டுட்டு ஓடல. ரெண்டு நிமிஷம் உக்காந்திருக்கீங்க."

"அப்புறம் ஏன் எந்திரிச்சுப் போனேன்? மனுசன் கையப் புடிச்சிட்டிருக்கறப்ப எவனாச்சும் எந்திரிச்சுப் போவானா? ஆஸ்பத்திரிக்கித் தூக்கிட்டுப் போயிருக்கலாமே! அந்தப் பாதிக்கு அறிவில்லயா?"

"எடுன்னு சொன்னாங்க. எடுத்தீங்க."

"யாரு சொன்னது?"

அவள் படத்தின் மேலிருந்த பழத்தை எடுத்து, எட்டுப் பழங்களின் வரிசையில் கடைசியாக வைத்தாள். நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"வண்டி நின்னு ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னா ஆபீஸ்ல மணி அடிக்கும்ணா. ஸ்கிரீன்ல செவப்பா ஒரு நம்பர் வரும். நம்பர் மட்டுந்தான். எடம் வராது, ஏன் நிக்குதுன்னும் வராது. ஒரு பட்டன் இருக்குது. அமுக்கினா வண்டிக்குள்ள 'எடு'ன்னு குரல் கேக்கும். ஒரு நாளைக்கு நாப்பது அம்பது தடவ அமுக்குவேன். டீ குடிச்சுக்கிட்டே அமுக்குவேன். அன்னிக்கு நான் வேலைக்குச் சேந்து ஆறாவது நாளு."

தரணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"எட்டு மணிக்கு அமுக்கியிருக்கேன்," என்றாள். "மத்தியானம் ஒரு மணிக்குத்தான் ஊர்லருந்து போன் வந்துச்சு. அது வரைக்கும் சந்தோசமாத்தான் இருந்தேன். மொத சம்பளம் வாங்கினா அப்பாவுக்கு நல்ல செருப்பு ஒண்ணு வாங்கணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். போன மாசம் ரிப்போர்ட்டுல இந்த எடத்தப் பாக்கற வரைக்கும் எனக்கும் ஒண்ணும் தெரியாது. உங்கள மாதிரியேதான்."



"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாம்மா," என்றான் தரணி.

"போனா என்ன சொல்வாங்க தெரியுமா? அந்நேரம் நீங்க தூங்கிட்டிருந்தீங்கன்னு கவர்மென்ட்டு பெட்டியே சொல்லும். ஓட்டினது ராஜாமணி. அவன எங்க போய்ப் புடிப்பாங்க? உங்க லைசென்ஸ் போகும், வேற ஒண்ணும் நடக்காது."

"லைசென்ஸ் போனாப் போகுது." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. இன்னும் பதினாலு மாதம் என்று எண்ணிக்கொண்டு வந்த நாள். "என் வாய நம்ப வேண்டாம். எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. இந்தக் கையக் கூட்டிட்டுப் போலாம். இதே மாதிரி படத்த வரிசையா வெக்கச் சொல்லு. எத்தன பேரு முன்னாடி வேணாலும் வெக்கட்டும். கிருஷ்ணகிரிக்குப் போனா இதத் தூங்க வெச்சிருவாங்க. அப்புறம் கேக்க ஆளே இருக்காது."

பூமிகா படங்களைப் பொறுக்கிப் பையில் வைத்தாள். வைத்தவள், ஒரு தாளை வெளியே எடுத்தாள். நன்றாக மடித்துப் பிரித்து மடித்து நைந்துபோன தாள்.

"இது உங்க வண்டி மட்டும் இல்லண்ணா. ரெண்டு நிமிஷம் ஒரே எடத்துல திரும்பத் திரும்ப நிக்கற வண்டி பதினோரு வண்டி இருக்குது. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு எடம். எல்லாம் புதுப் பசங்க. ஒருத்தன் மதுரைக்குத் தெக்க நிக்கிறான். ஒருத்தன் ஓசூர்ல ஒரு ஸ்கூலுக்கு எதுத்தாப்ல நிக்கிறான்."

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தாளை வாங்கத் தரணி வலது கையை நீட்டினான். அதற்கு முன்பே இடது கை வாங்கி, பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்தது.

சாலைக்கு அந்தப் பக்கம், கதவு திறந்தபடி நின்ற வண்டிக்குள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது. அதட்டலும் இல்லை, கோபமும் இல்லை. பெண் குரல், இனிமையாக.

"எடு."

தரணியின் வலது கை தரையில் ஊன்றியது. உடம்பு எழுந்திருக்கப் பார்த்தது. அவன் நினைத்து எழவில்லை. பத்து மாதப் பழக்கம் எழுந்தது. இடது கை வந்து அந்த வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நகம் பதிகிற அளவுக்கு.

பூமிகா வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு நான் லீவாச்சே," என்றாள். "என் சீட்டுல புதுசா ஒரு பொண்ண உக்கார வெச்சிருக்காங்க. திங்கக்கெழமதான் சேந்துச்சு, அதான் மணி அடிச்சும் இவ்வளவு லேட்டு. பாவம், என்னத்துக்கு அமுக்கறோம்னு அதுக்குத் தெரியாது."

"எடு," என்றது வண்டி மறுபடியும்.

இருவரும் எழுந்து, வண்டியில் ஏறாமல் சாலையோரம் வந்து, தர்மபுரிப் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் கை காட்டினார்கள். காட்டியது தரணியின் இடது கை.